கால் அடிக் கணக்கு

ஆம்பூர் டேனரிகளில் பதனிட்டு முடிந்த தோலின் பின்புறத்தில் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். 12 என்று எழுதி, அதன் வலத் தோளின்மேல் சிறியதாக ஒரு 3. கணிதம் படித்தவர்கள் அதைப் பன்னிரண்டின் முப்படி என்று வாசித்துவிடக்கூடும். தோல் வணிகத்தில் அதன் பொருள் பன்னிரண்டே முக்கால் சதுர அடி. மேலே 1 இருந்தால் கால், 2 இருந்தால் அரை, 3 இருந்தால் முக்கால். அதற்குக் கீழே கணக்கில்லை. இன்று மின்னணுப் பொறிகள் தசமத்தில் அளந்து தாமே அச்சிட்டுவிடுகின்றன. முள் சக்கரங்கள் வரிசையாகப் பொருத்திய பழைய பொறியின் முகப்பில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அருகிலிருக்கும் கால் அடிக்கு ஒதுக்கி எழுதுவதற்கு முன்பு ஓர் ஆள் வேண்டியிருந்தது. என் தந்தையார் அந்த வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்.

‘பெரிய மாட்டுத் தோல்ல கணக்கு தப்பினா யாரும் பேச மாட்டான். ஆட்டுத் தோல்லதான் சண்டை வரும்’ என்பார். அருகிலுள்ள காலுக்கு ஒதுக்கும்போது நேரக்கூடிய அதிகபட்சப் பிழை அரைக்கால் அடி. 25 அடி மாட்டுத் தோலில் அரைக்கால் என்பது நூற்றில் அரைப் பங்கு. 4 அடி ஆட்டுத் தோலில் அதே அரைக்கால் நூற்றில் மூன்றுக்கும் மேல். அளவுகோல் ஒன்று, பிழையும் ஒன்று. ஆனால் சிறியதன்மேல் அந்தப் பிழை விழுகிற விதம் வேறு.

தமிழிலக்கியம் கற்பிக்கும் எனக்கு டிஜிட்டல் ஒலிப்பதிவின் கணக்கு விளங்கியது இந்த வழியாகத்தான். இயற்பியல் நூல்கள் வழியாக அல்ல. ஒலி என்பது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவது. அதை எண்ணாக மாற்றும் கருவி, நொடிக்குப் பல ஆயிரம் முறை அந்த அழுத்தத்தை அளந்து, ஒவ்வொரு முறையும் அருகிலுள்ள படிக்கு ஒதுக்கி எழுதிக்கொள்கிறது. நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு கூரிய சுருதி வரைக்கும் பதிவாகும் என்பதை அது முடிவு செய்யும். குறுந்தகட்டில் அது நொடிக்கு 44,100 முறை. ஒவ்வொரு முறை அளக்கும்போதும் எத்தனை படிகள் கொண்ட கோலால் அளக்கிறோம் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் மிகுதி. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

அந்தப் படிகளின் எண்ணிக்கையை ‘பிட்’ கணக்கில் சொல்கிறார்கள். (கல்லூரி ஆசிரியனுக்குப் ‘பிட்’ என்றால் தேர்வறையில் சட்டைக் கையில் ஒளித்து வைக்கப்படுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். வகுப்பில் இச்சொல்லைச் சொன்னவுடன் எழுந்த சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று.) ஒரு பிட் கூடினால் படிகளின் எண்ணிக்கை இரட்டிக்கும். நம்முடைய முகத்தலளவை தெரிந்தவர்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. கீழ்நோக்கிப் போனால் கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகக் குறையும். இரட்டித்தும் பாதியாக்கியும் அளப்பதில் நம் பாட்டன்மார் கைதேர்ந்தவர்கள். எட்டு முறை இரட்டித்தால் 256 படிகள். பதினாறு முறை இரட்டித்தால் 65,536. இருபத்து நான்கு முறை என்றால் 1 கோடியே 67 இலட்சத்துச் சொச்சம்.

இனி டெசிபெல். காதின் இயல்பையொட்டி, ஒலியைக் கூட்டல் கணக்கில் அல்லாமல் மடங்குக் கணக்கில் அளக்கும் அலகு அது. அலையின் உயரம் இரட்டித்தால் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். ஒவ்வொரு பிட்டும் படிகளை இரட்டிப்பதால், ஒவ்வொரு பிட்டும் 6 டெசிபெல் தருகிறது. ஆகவே 16 பிட்டுக்கு 96 டெசிபெல், 24 பிட்டுக்கு 144. ஒரு கருவி பதிவு செய்யக்கூடிய மிகப் பெரிய ஒலிக்கும், அதன் சொந்த இரைச்சலில் மூழ்கிப் போகாமல் மிஞ்சும் மிகச் சிறிய ஒலிக்கும் இடையே உள்ள தூரம் இது. ‘டைனமிக் ரேஞ்ச்’ என்கிறார்கள். மெலிவு, சமன், வலிவு என்ற பழைய இசைச் சொற்களை இங்கே எடுத்தாள ஆசைதான். ஆனால் அவை சுருதியின் நிலைகளைக் குறிப்பவை, ஒலியின் உரத்தை அல்ல. ஆகையால் ‘ஒலியெல்லை’ என்றே வைத்துக்கொள்கிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் நண்பர்கள் தெரிவிக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள். மிக நுண்ணிய ஒலியிலிருந்து காது வலிக்கும் ஒலி வரைக்கும் மனிதச் செவியின் எல்லை ஏறக்குறைய 120 டெசிபெல். சாதாரண ஒலிநாடாவுக்கு 50 அல்லது 55. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டுக்கு 96. குறுந்தகட்டின் அளவுகளை வகுத்தபோது ஃபிலிப்ஸ் நிறுவனம் 14 பிட் போதும் என்றது. சோனி 16 வேண்டும் என்று நின்று வென்றது. இரண்டு பிட்டில் 12 டெசிபெல். அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் முடிவான எண்ணை, அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் உலகம் கேட்டதெல்லாம் சுமந்துகொண்டிருந்தது.

உரத்த ஒலிக்கு இந்த எண்களால் பெரிய வேறுபாடு இல்லை. மாட்டுத் தோலைப் போலத்தான். மிக உரத்த ஒலியைவிட 60 டெசிபெல் தாழ்ந்த ஒரு முனகலை எடுத்துக்கொள்வோம். அதன் அலை, பெரியதில் ஆயிரத்தில் ஒரு பங்கு உயரம் உடையது. 65,536 படி கொண்ட கோலில் அதற்குக் கிடைப்பவை 65 படிகள். 24 பிட் கோலில் 16,777. எட்டுப் பிட் கோலில் ஒரு படிகூட இல்லை, கால் படிதான். அது பூச்சியத்துக்கு ஒதுக்கப்பட்டுவிடும். முனகியவர் முனகவே இல்லை என்று ஆகிவிடும்.

இந்த ‘ஒதுக்கிவிடுதலை’ ஏமாற்ற ஒலிப் பொறியாளர்களிடம் ஓர் உபாயம் இருக்கிறது. முதல் முறை கேட்டபோது அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. தோல் கணக்கில் போட்டுப் பார்த்த பிறகு வியந்தேன். ஒவ்வொன்றும் சரியாக 4.1 அடி உள்ள நூறு ஆட்டுத் தோல்களை எண்ணிக்கொள்ளுங்கள். கால் அடிக்கு ஒதுக்கினால் ஒவ்வொன்றும் 4 ஆகிவிடும். 410 அடிச் சரக்கு 400 ஆகும். எல்லாப் பிழையும் ஒரே பக்கம் விழுகிறது. இப்போது, அளப்பதற்கு முன் ஒவ்வொரு தோலின் அளவோடும் சீட்டுக் குலுக்கி எடுத்தாற்போல ஒரு சிறு எண்ணைக் கூட்டுவோம், அல்லது கழிப்போம். அரைக்கால் அடிக்கு மிகாமல், எந்த ஒழுங்கும் இல்லாமல். அப்போது நூற்றில் 60 தோல்கள் 4 என்றும் 40 தோல்கள் நாலேகால் என்றும் விழும். 240ஐயும் 170ஐயும் கூட்டினால் 410. ஒவ்வொரு தோலின் அளவும் தனித்தனியே தவறு, மொத்தம் சரி. ஒலியில் இதற்கு ‘டிதர்’ என்று பெயர். பதிவில் மிகச் சிறிய இரைச்சலை வேண்டுமென்றே தூவுகிறார்கள். அதற்கு விலையாக ஒரு மெல்லிய ‘உஸ்’ஸைத் தாங்கிக்கொண்டால், ஒரு படிக்கும் குறைவான ஒலிகூட அந்த இரைச்சலின் ஊடே உயிரோடு கேட்கும். தந்தையார் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். ‘மொதலாளி ஒத்துக்க மாட்டாருடா’ என்றிருப்பார்.

தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் இருக்குமா? எழுத்தின் ஒலியளவுக்கு அது வகுத்த அலகு மாத்திரை. கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம். அது காலத்தின் அளவு, உரத்தின் அளவு அல்ல என்பதை மறக்கவில்லை. ஆனால் அந்தக் கோலின் படிகளைப் பாருங்கள். நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ‘போலும்’ என்பது ‘போன்ம்’ எனக் குறுகும்போது கடைசியில் நிற்கும் அந்த மகரத்துக்காக மட்டும் கால் மாத்திரை என்று இன்னொரு படியை இறக்கியிருக்கிறார்கள். உதடு மூடுவதற்கு முன்பே முடிந்துவிடும் ஒலி அது. அரை மாத்திரையே கடைசிப் படி என்று வைத்திருந்தால், மகரக் குறுக்கம் ஒன்று அரையாக ஊதிப் பெருத்திருக்கும், அல்லது இல்லாமல் போயிருக்கும். மெல்லிய ஒன்றைப் பதிவு செய்யத்தான் கோலுக்கு நுண்மை தேவைப்படுகிறது.

இதையெல்லாம் நான் கற்க நேர்ந்தது எங்கள் துறையின் அலமாரியில் கிடந்த ஒலிநாடாக்களால். முந்தைய பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கங்களில் சேகரித்த ஒப்பாரி, நடவுப் பாட்டு, கூத்துப் பகுதிகள். அவற்றைக் கணினிக்கு மாற்ற அமைக்கப்பட்ட குழு, எம்பி3 வடிவில் சேமித்தால் போதும் என்று பரிந்துரைத்தது. ஒரு மணி நேரத்துக்கு 58 மெகாபைட்தான் பிடிக்கும். நாடாவின் தரமே அவ்வளவுதானே, அதற்கு மேல் எதற்கு என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. 50 டெசிபெல் நாடாவுக்கு ஒன்பது பிட் போதும் என்று நானே கணக்குப் போட்டுக் காட்ட முடியும். நாடாவின் சொந்த ‘உஸ்’ஸே டிதர் போல வேலை செய்வதால், 16 பிட்டில் மாற்றினாலும் காதுக்கு ஒரு குறையும் தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் எம்பி3 என்பது குறைந்த பிட் கொண்ட கோல் அல்ல. அது வேறு வகையான காரியம். உரத்த ஒலி ஒன்று எழும்போது அதன் அருகிலிருக்கும் மெல்லிய ஒலியை நம் காது கேளாது. கேளாததை எதற்குச் சேமிப்பது என்று கணக்கிட்டு அதை எறிந்துவிடுவதே அதன் உத்தி. திரைப்பாடல் கேட்பவருக்கு அதனால் ஓர் இழப்பும் இல்லை. எங்கள் நாடாக்களில் இருந்தது பறையும் ஒப்பாரியும்.

அந்த நாடாக்களில் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் முதுகலை மாணவர் ஒருவர், தம் வீட்டுப் பதிவொன்றைக் கைப்பேசியிலிருந்து போட்டுக் காட்டினார். இறப்பு வீடு. தந்தை பறையடிக்கிறார், பாட்டி பாடுகிறார். ‘சார், எங்கப்பா அடிக்கிறது நல்லா கேக்குது. எங்க ஆயா பாடுறதுதான் காணோம்’ என்றார். கைப்பேசி, பறையின் ஒவ்வோர் அடிக்கும் தானாகவே ஒலியை இறக்கி, மீண்டும் மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தது. பழைய டூ-இன்-ஒன் பெட்டிகளும் இதையேதான் செய்தன. ஆயாவின் குரல் ஒவ்வோர் அடிக்குப் பின்னும் தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது. சொற்களில் பாதி இல்லை. தோல் கிடங்கில் முப்பது ஆண்டுகள் உழைத்து இறந்த தம் கணவருக்காக அந்த அம்மையார் கட்டிய ஒப்பாரி அதில் இருக்கிறது என்று மாணவர் சொன்னார். வேறெங்கும் எழுதப்படவில்லை. அவருக்குப் பிறகு பாட ஆளில்லை.

குழுவில் நான் சொன்னது இவ்வளவுதான்: இன்றைய காதுக்குக் கேளாதது நாளைய கருவிக்குக் கேட்கலாம். கலந்த ஒலியிலிருந்து முழவையும் குரலையும் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இப்போதே வந்துவிட்டன. முழவின் கீழே இருந்ததை நாம் எறிந்துவிட்டால் அவை எதைப் பிரித்தெடுக்கும்? உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் 2004இலேயே தன் வழிகாட்டுநூலில் பழைய நாடாவானாலும் குறைந்தது 24 பிட், 48,000 மாதிரி என்று வகுத்திருக்கிறது. அதற்குக் காரணம் பெருமை அல்ல. பின்னாளில் இரைச்சலை நீக்க, மெலிந்ததை உயர்த்த என்று எதைச் செய்தாலும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் ஒதுக்கல் நடக்கும். படிகள் நுண்மையாக இருந்தால் அந்தப் பிழைகள் சேர்ந்து மேலே வந்து நிற்பதில்லை. இரவு முழுக்க எட்டு மணி நேரம் நடக்கும் கூத்தை அந்த அளவில் இரு தடங்களில் வைத்தாலும் 8.3 கிகாபைட்தான். இன்று அது ஒரு தேநீர்க் காசு விவகாரம். நீண்ட பேச்சுக்குப் பின் குழு இணங்கியது; வன்தட்டுக்கான செலவை மட்டும் துறையே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது.

ஆயாவைப் புதிதாகப் பதிவு செய்வது என்று முடிவாயிற்று. இதற்காகச் சென்னை ரிச்சி தெருவில் கருவி வாங்கப் போனபோது கடைக்காரர், 24 பிட்டில் குரல் ‘இனிமையாக’ இருக்கும் என்றார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. பிட் கூடுவதால் இனிமையும் கூடாது, உண்மையும் கூடாது. அடித்தளத்து இரைச்சல் இன்னும் கீழே போகிறது, அவ்வளவே. அதிலும் 144 டெசிபெல் என்பது ஏட்டுச் சுரைக்காய். நல்ல கருவிகளே தம் மின்சுற்றின் இரைச்சலால் 120ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன. கடைசி நான்கு பிட்டுகள் வெறும் உஸ்ஸைத்தான் மிகத் துல்லியமாக எழுதிக்கொண்டிருக்கின்றன.

ஒப்பாரியை வீட்டுக்குள் பாடக்கூடாது, சாவு இல்லாத வீட்டில் பாடினால் ஆகாது என்று ஆயா மறுத்துவிட்டார். ஆகவே பாலாற்றுக்குப் போனோம். அந்தப் பருவத்தில் நீரில்லை. (பாலாற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் நீரைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள், 1996இன் உச்சநீதிமன்றத் தீர்ப்பும் அதைப் பற்றியதே. அதன் ஒலி சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் லாரிகளால் ஆனது என்பதை அன்றுதான் கவனித்தேன்.) யாரும் பேசாதபோது ஒலிமானி 42 டெசிபெல் காட்டியது. மாணவரின் தந்தை வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சி அடித்துப் பார்த்தார். அடிக்குச்சி விழும் உச்சம் 112. இடையில் 70 டெசிபெல். பன்னிரண்டு பிட்டுக்குள் அடங்கிவிடும் தூரம்!

அப்படியானால் 24 எதற்கு? பறையடிப்பவர் சோதனைக்கு அடிப்பதும், பாட்டில் தோய்ந்து அடிப்பதும் ஒன்றல்ல என்பதற்காக. எண்ணுக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டிய அலையின் தலை வெட்டப்பட்டுவிடும், பிறகு ஒட்ட வைக்க வழியில்லை. ஆகையால் தலைக்கு மேலே இடம் விட்டுப் பதிய வேண்டும். நான் 20 டெசிபெல் விட்டேன். ஆயாவின் தாழ்ந்த குரல் 55 டெசிபெல் அளவில் இருந்தது. பறையின் உச்சத்துக்கு 57 கீழே, விட்ட இடத்தையும் சேர்த்தால் வரம்புக்கு 77 கீழே. 16 பிட் கோலில் அந்தக் குரலுக்கு மிஞ்சுபவை ஒன்பது படிகள். 24 பிட் கோலில் இரண்டாயிரத்துக்கும் மேல். பறைக்குத் தலைக்கு மேல் இடமும் குரலுக்குக் காலூன்ற இடமும் ஒரே நேரத்தில் கிடைப்பது இதனால்தான். 2019 முதல் வயல்வெளிப் பதிவுக் கருவிகளில் ‘32 பிட் ஃப்ளோட்’ என்ற முறையும் வந்திருக்கிறது. சிறியதை ஆழாக்கிலும் பெரியதைக் கலத்திலுமாக, பண்டத்துக்கேற்ப அளவையை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. ஒலியளவை முன்கூட்டி அமைக்கும் கவலையே இல்லை என்கிறார்கள். எங்கள் கையில் அது இல்லை. இருந்தாலும், மைக்கே தாங்காத ஒலியை எந்த எண்ணும் தாங்கப் போவதில்லை.

ஆயா முக்கால் மணி நேரம் பாடினார். நடுவில் ஓரிடத்தில் பறை நின்றுவிட, குரல் ஏறக்குறைய பேச்சாகி, பேச்சு மூச்சாகி, சுண்ணாம்புக் குழியில் வெந்த கால்களைப் பற்றிய ஒரு வரி வந்தது. நான் காதொலிப்பான் மாட்டியிருந்ததால் எனக்குக் கேட்டது. பக்கத்தில் நின்ற மாணவர்கள் சிலருக்குக் கேட்கவில்லை.

மறு வாரம் பதிவை ஆயாவிடம் மாணவர் போட்டுக் காட்டினார். அவருடைய சிறிய கைப்பேசியில் அந்த வரி கேட்கவே இல்லை; பேருந்து ஓடும் தெருவில் 70 டெசிபெல் எல்லையை அந்த ஒலிபெருக்கி எப்படித் தாங்கும்? ‘நான் பாடுனது எங்க?’ என்று கேட்டிருக்கிறார். மாணவர் கணினியில் உட்கார்ந்து மெலிந்த இடங்களை உயர்த்தினார். உயர்த்தவும் அந்தக் குரல் உடையாமல், கரகரக்காமல் மேலே வந்தது. லாரிகளும் சற்று மேலே வந்தன. ஆயா கேட்டுவிட்டு, ‘இப்ப கேக்குது. அவன் அடிக்கிறது ரொம்பச் சத்தமா இருக்குது பாரு, அதக் கொற’ என்றாராம். மகனின் பறையைக் குறைத்து இன்னொரு பிரதி செய்தோம். அதில் ஒலியெல்லை 15 டெசிபெல்கூட இராது. குரலும் பறையும் ஏறத்தாழ ஒரே உயரம். ஆவணக் காப்பகத்தார் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். ஆயாவின் கைப்பேசியில் இருப்பது அதுதான், எம்பி3 வடிவில். துறையின் வன்தட்டில் அதையும் மூலப் பதிவுக்குப் பக்கத்திலேயே தனிக் கோப்பாக, ‘பாடியவர் கேட்டபடி’ என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம்.